நாலு ஓட்டையும் சேர்ந்தது, வீல் சேரவில்லை

காருக்கு முதல் செட் அலாய் வீலை (அலுமினியக் கலவைச் சக்கரம்) மாட்டிய அன்று மாலை, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தேன். சாய்ந்த வெயிலில் ஒன்று, தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒன்று, தரையோடு தரையாகக் குனிந்து ஒன்று. ஏழே வாரத்தில் அதே வீல்களைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் அடுக்கினேன். வீலில் ஒரு குறையும் இல்லை. கீறல் கிடையாது, நெளிவு கிடையாது. என் வண்டிக்கு உரிய வீல் அது இல்லை, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று தடவை பேலன்ஸிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமா என்று பார்ப்பது), ஒரு தேவையில்லாத அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), ஓரம் சீவிப்போன இரண்டு டயர், நெடுஞ்சாலையில் ஒரு நல்ல பயம் எல்லாம் ஆனது.

கடையில் என்னைக் கேட்டது இரண்டே கேள்வி. "நாலு நட்டா, அஞ்சு நட்டா?" நாலு. "நூறா, நூத்தெட்டா?" கைப்பேசியில் தேடிப் பார்த்து நூறு என்றேன். "அப்போ உட்காரும் சார்." சொன்னபடியே உட்கார்ந்தது. நானும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால்தானே.

அந்த நூறுதான் பி.சி.டி. நட்டு ஓட்டைகளின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம், மில்லிமீட்டரில். நாலு ஓட்டை என்றால் அளப்பது சுலபம். ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து நேர் எதிர் ஓட்டையின் இடது விளிம்பு வரை டேப் பிடித்தால் போதும், நடுவைத் தேட வேண்டியதில்லை. ஐந்து ஓட்டையில் நேர் எதிரே ஓட்டை இருக்காது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை 1.7 ஆல் பெருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 5×112, 5×114.3 இரண்டுமே நிறைய வண்டிகளில் வரும் அளவுகள். முதலாவதில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் இடைவெளி 65.8 மி.மீ., இரண்டாவதில் 67.2. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. டேப்பில் அளந்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. துல்லியமாக அளக்கும் வெர்னியர் வேண்டும், அல்லது வீலின் பின்பக்கம் வார்த்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும்.

கொஞ்சம் வித்தியாசம்தானே, இறுக்கினால் இழுத்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் உண்டு. என் மச்சான் ஒருவர் 98 மி.மீ. வண்டியில் 100 மி.மீ. வீலை அப்படித்தான் மாட்டினார். சில ஃபியட் வண்டிகளில் 98 வரும். முதல் நட்டு முழுசாகப் போய் உட்கார்ந்தது. எதிர்ப்பக்க நட்டு, போல்டை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு இறுகியது. அது இறுக்கம் இல்லை. போல்ட் எந்நேரமும் வளைந்தபடி வேலை செய்யும், வீல் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் அச்சுத் தலையில், தட்டையாகப் படியாது. இரும்பை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நல்லவேளை, அவர் தெருமுனை தாண்டுவதற்குள் சத்தம் கேட்டு நிறுத்திவிட்டார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் பி.சி.டி. சரியாகத்தான் இருந்தது. சிக்கல் எண்பதைத் தாண்டும்போது ஆரம்பித்தது. எண்பது வரை பட்டுப்போல ஓடும் வண்டி, எண்பத்தைந்தில் ஸ்டீயரிங்கை லேசாக உதறும். நூறில் கை மரத்துப்போகும் அளவுக்கு ஆட்டம். நூற்றிப்பத்தில் ஏனோ குறைந்துவிடும். பேலன்ஸிங் சரியில்லை என்று எடுத்துப் போனேன். மெஷினில் ஏற்றிச் சுழற்றினார்கள், பூஜ்யம் காட்டியது. வெளியே வந்து ஓட்டினேன், அதே உதறல். வேறு கடை, அங்கேயும் பூஜ்யம். மூன்றாவது கடையில் முன் வீலைப் பின்னுக்கும் பின் வீலை முன்னுக்கும் மாற்றிப் பார்த்தார்கள். உதறல் ஸ்டீயரிங்கிலேயே இருந்தது.

நாலாவதாகப் போன இடத்தில் மெஷினே இல்லை. வயசான மெக்கானிக் ஒருவர், வீலைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு ஹப்பைத் துடைத்தார். நடுவில் நெற்றிப்பொட்டு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் வட்டத்தைக் காட்டினார். பிறகு வீலைத் தூக்கி நாலு போல்டில் மாட்டி, நட்டுப் போடாமல் கையால் பிடித்துக்கொண்டு, "நடு ஓட்டைக்குள்ள விரலை விடுங்க தம்பி" என்றார். விரல் நுனி உள்ளே போனது.

"இந்தச் சந்துதான் உங்க வியாதி. பேலன்ஸிங்ல ஒண்ணும் இல்ல."

என் வண்டியின் ஹப் வட்டம் 56.1 மி.மீ. நான் வாங்கிய வீலின் நடு ஓட்டை 73.1. சுற்றிலும் எட்டரை மில்லிமீட்டர் வெறும் காற்று. கம்பெனி வீலில் இந்த ஓட்டை ஹப்பின் மேல் கச்சிதமாக உட்காரும். வீலை மையத்தில் நிறுத்துவது அந்தப் பொருத்தம்தான், நட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். வெளிச்சந்தை வீல் செய்பவர்கள் ஒரே வார்ப்பைப் பல வண்டிகளுக்கு விற்க வேண்டும் என்பதால் நடு ஓட்டையைப் பெரிதாகவே விட்டுவிடுவார்கள். அதில் தவறு இல்லை. மீதி இடத்தை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும், ஹப் ரிங். வெளிவிட்டம் வீலுக்கு, உள்விட்டம் வண்டிக்கு. எனக்கு வேண்டியது 73.1-க்கு 56.1. எனக்கு விற்றவர்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மூன்று கடைகளும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். பேலன்ஸிங் மெஷின், வீலின் நடு ஓட்டைக்குள் ஒரு கூம்பை நுழைத்து மையம் பிடிக்கிறது. அங்கே வீல் சரியான மையத்தில் சுற்றும், பூஜ்யம் வரும். வண்டியிலோ அதே வீல் நட்டுகளை நம்பி, மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மெஷின் பார்ப்பது ஒரு வட்டம், வண்டி சுற்றுவது இன்னொரு வட்டம். ஆயிரம் தடவை பேலன்ஸ் செய்தாலும் இது தீராது.

ரிங் பிளாஸ்டிக்கிலும் வரும், அலுமினியத்திலும் வரும். பிளாஸ்டிக் என்றால் தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம். வண்டியின் எடையைத் தாங்குவது ரிங் அல்ல; நட்டின் இறுக்கத்தில் வீலுக்கும் ஹப்புக்கும் இடையே உண்டாகும் பிடிமானம்தான் தாங்குகிறது. மாட்டும்போது மையம் பிடித்துக் கொடுப்பதோடு ரிங்கின் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிடும். அலுமினிய ரிங் துருவோடு ஹப்பில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது உயிரை வாங்கும். பிளாஸ்டிக் ரிங் ஓயாத பிரேக் சூட்டில் உருக்குலையலாம். மலைப்பாதையில் அடிக்கடி இறங்குபவர்கள் அலுமினியம் வாங்கி, ஹப்பில் மெல்லிசாகக் கிரீஸ் பூசிக்கொள்ளலாம். நட்டு ஏறும் மரையிலும், வீல் படியும் முகத்திலும் மட்டும் கிரீஸ் படக் கூடாது.

அன்றைக்கே அவர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். என் பழைய ஸ்டீல் வீலின் நட்டுகளையே அலாயிலும் போட்டிருந்தார்கள். ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வீலைத் தொடும் முனை பந்தைப் பாதியாக வெட்டியது போல உருண்டையாக இருந்தது. அலாய் வீலின் ஓட்டையோ புனல் மாதிரி நேர்ச்சரிவான கூம்பு. உருண்டை கூம்பில் உட்கார்ந்தால் முழுப் பரப்பும் ஒட்டாது, ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். நாலு ஓட்டையிலும் பெயின்ட் போய், நூல் கனத்தில் பளபளவென்று ஒரு வட்டக் கோடு. அதை விளக்கு அடித்துக் காட்டினார். கழற்றும்போது இரண்டு நட்டுகள் ஸ்பேனரை வைத்ததுமே, கை அழுத்தத்துக்கே நகர்ந்ததையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நூற்றைம்பது கிலோமீட்டர் போய் வந்திருந்தோம்.

நட்டின் முகம் மூன்று விதம்: 60 டிகிரிக் கூம்பு, உருண்டை, வாஷரோடு தட்டை. வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. வண்டியோடு வந்தது எதுவாகவும் இருக்கலாம். கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், பார்க்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. மரையும் ஒத்துப்போக வேண்டும். 12 மி.மீ. தடிமனில் 1.5 பிட்ச்சும் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி, மி.மீ.-இல்) உண்டு, 1.25 பிட்ச்சும் உண்டு. ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றினால் ஒன்றிரண்டு சுற்று போய் இறுகும். விஷயம் தெரியாதவர் காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் ஏர் கன்னை வைத்து அடித்துவிடுவார், போல்ட் போச்சு. சரியான நட்டு கையாலேயே சுழன்று கடைசி வரை போகும். எத்தனை சுற்று பிடிக்கிறது என்று எண்ணிக்கொள்வதும் நல்லது. குறைந்தது போல்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும். 12×1.5 என்றால் எட்டுச் சுற்று. அலாய் வீலின் அடிப்பாகம் ஸ்டீலைவிடத் தடிமனாக இருப்பதால், ஸ்டீல் வீலில் போதுமானதாக இருந்த போல்ட் அலாயில் குட்டையாகிப்போவது உண்டு.

ரிங்கும் கூம்பு நட்டும் போட்டதும் உதறல் மாயமாக மறைந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் ஐந்து பேர், டிக்கி நிறையப் பைகள். வேகத்தடையில் இறங்கியதும் பின்னால் 'சரக்' என்று ஒரு சத்தம். அடுத்த தடையிலும் அதே. நிறுத்திக் குனிந்து பார்த்தால், பின் டயர்களின் வெளித் தோள் கத்தியால் சீவியது போல இழை இழையாக உரிந்திருந்தது. மட்கார்ட் விளிம்பின் உள்பக்கம் ரப்பர் கறுப்பு. முன்பக்கமும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் மறைப்பில் டயர் உரசியது. தனியாக ஓட்டும்போது வண்டி உயர்ந்து நின்றதால் இது எதுவும் தெரியவில்லை. கடைக்காரரிடம் போனதும் அவர் சொன்ன மருந்து: "மட்கார்ட் ஓரத்த உள்ளாற மடக்கிவிட்டுரலாம் சார், அஞ்சு நிமிஷ வேலை." செருப்புக்காகக் காலை வெட்டச் சொல்கிறார் என்று தோன்றியது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அன்றிரவுதான் முதல் முறையாகத் தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். இந்தக் கணக்கை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்; வாங்குவதற்கு முன் போட்டிருந்தால் எனக்கு எல்லாமே மிச்சமாகியிருக்கும்.

வீலில் 16×7ஜே, ஈ.டி. 38 என்று வார்த்திருந்தது. 16 விட்டம், 7 அகலம், இரண்டும் அங்குலத்தில். ஜே என்பது டயர் உட்காரும் விளிம்பின் வடிவம். ஈ.டி. என்பதுதான் ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு போட்டால், வீல் ஹப்பில் படியும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பது. எண் பெரிதானால் வீல் வண்டிக்குள் போகும், சிறிதானால் தெருப்பக்கம் வரும். என் பழைய வீல் 5.5ஜே, ஈ.டி. 45.

அகலத்தின் பாதியிலிருந்து ஈ.டி.யைக் கழித்தால், ஹப்பிலிருந்து ரிம் வெளியே எவ்வளவு நீள்கிறது என்று வரும். பாதியோடு ஈ.டி.யைக் கூட்டினால் உள்ளே எவ்வளவு என்று வரும். பழையது: 5.5 அங்குலம் 139.7 மி.மீ., பாதி 69.85. வெளியே 24.85, உள்ளே 114.85. புதியது: 7 அங்குலம் 177.8, பாதி 88.9. வெளியே 50.9, உள்ளே 126.9. ஆக வீல் வெளிப்பக்கம் 26 மி.மீ., உள்பக்கம் 12 மி.மீ. கூடுதலாக நீண்டிருக்கிறது. இரண்டரை சென்டிமீட்டர்! ஈ.டி. 45-க்கும் 38-க்கும் ஏழுதானே வித்தியாசம் என்று மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அகலம் கூடினால் அதில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்பது மறந்துபோகும்.

வீலில் எண் அழிந்திருந்தாலோ, பழைய வீல் வாங்குவதாக இருந்தாலோ, அளந்தும் கண்டுபிடிக்கலாம். போர்வையை விரித்து வீலை முகம் குப்புறப் படுக்க வைத்து, பின்விளிம்பின் குறுக்கே ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அங்கிருந்து ஹப்பில் படியும் முகம் வரை ஆழம் பாருங்கள். எனக்கு 139-க்கும் 140-க்கும் நடுவே வந்தது. விளிம்போடு விளிம்பு மொத்த அகலம் 203. இது 7 அங்குலத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கும், விளிம்புகளின் கனம் அது. அதில் பாதி 101.5. ஆழத்திலிருந்து கழித்தால் 38. கணக்கு இடித்தால் வீலில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். ஒட்டிய எண் வேறு, உள்ளே இருக்கும் வீல் வேறாகவும் இருக்கலாம்.

டயரிலும் கோட்டை விட்டிருந்தேன். வண்டியோடு வந்தது 175/65 ஆர்15. கடையில் கையிருப்பு என்று போட்டது 205/55 ஆர்16. டயர் உயரத்தை இப்படிப் பார்க்க வேண்டும்: டயரின் அகலம் 175 மி.மீ., அதில் 65 சதவீதம் பக்கச்சுவர், அதாவது 113.75, மேலும் கீழுமாக இரண்டு மடங்கு 227.5, அதோடு 15 அங்குல ரிம்மின் 381 மி.மீ. கூட்டினால் 608.5. புதியது 225.5-ம் 406.4-ம் சேர்ந்து 631.9. கிட்டத்தட்ட 3.8 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது, சக்கரம் பெரிதானது அதற்குத் தெரியாது. முன்பு 100 போன வேகத்துக்கு இப்போது 104 போகிறோம், முள் அதே 100-இல் நிற்கும். ஓடோமீட்டரும் அப்படியே குறைத்துக் காட்டும், மைலேஜ் குறைந்துவிட்டதாக நாம் கவலைப்படுவோம். பொதுவாக 3 சதவீதத்துக்குள் இருந்தால் சரி என்பார்கள். நான் இப்போது ஒன்றரையைத் தாண்டுவதில்லை.

வீலைப் பெரிதாக்கினால் டயரின் பக்கச்சுவர் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். அதற்கும் ஒரு விலை உண்டு. சுவர் குட்டையானால் வளைவில் வண்டி திடமாக நிற்கும், ஆனால் பள்ளத்தின் அடி நேராக ரிம்முக்குப் போகும். ரிம் விளிம்பு நெளிவதும் டயர் பக்கவாட்டில் குமிழ் போடுவதும் இப்படித்தான். மோசமான சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அழகு அவரவர் இஷ்டம்.

ஒரு வேலையற்ற ஞாயிற்றுக்கிழமை, குளியலறைத் தராசில் பழைய ஸ்டீல் வீலையும் புது அலாயையும் டயர் இல்லாமல் நிறுத்துப் பார்த்தேன். அலாய்தான் கனம். அலாய் என்றாலே லேசு என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது ஒரு அடி. அலுமினியம் லேசுதான், ஆனால் வார்ப்பு வீலில் பலத்துக்காகக் கனமாக ஊற்ற வேண்டியிருக்கிறது, அளவும் பெரிது. வார்த்த பிறகு ரிம் பகுதியை உருளையால் அழுத்தி நீட்டிச் செய்யும் ஃப்ளோ ஃபார்ம் வீல்கள் எடை குறைவு. திட அலுமினியத்தை அழுத்தி அடித்துச் செய்யும் ஃபோர்ஜ்டு இன்னும் லேசு, விலையும் அப்படியே. சாதாரண ஓட்டத்துக்கு நல்ல வார்ப்பு வீலே தாராளம். ஆனால் எடை என்ன என்று கேட்டு வாங்குங்கள். சுற்றும் எடை கூடினால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வண்டி அதைச் சுமந்துகொண்டுதான் போகிறது.

இரண்டாவது செட்டுக்கு நான் அவசரப்படவில்லை. முதலில் வண்டியின் அளவுகளை ஒரு சின்னத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்: 4×100, ஹப் 56.1, 12×1.5, 5.5ஜே, ஈ.டி. 45, டயர் 608.5. பிறகு வண்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். கொத்தனார்களின் தூக்குக்குண்டு மாதிரி, ஒரு நூலில் நட்டைக் கட்டி மட்கார்ட் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் நடுவே அளந்தேன். பின்பக்கம் 18 மி.மீ. இருந்தது, அதுவும் ஆள் இல்லாத வண்டியில். அதில் 26 மி.மீ. நீளும் வீலை நுழைத்திருக்கிறேன். உள்பக்கம் ஷாக் அப்ஸார்பருக்கும் டயருக்கும் இடையே விரலை விட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

தேர்ந்தெடுத்தது 16×6ஜே, ஈ.டி. 45. கணக்குப்படி பழையதைவிட வெளியே ஆறேகால், உள்ளே ஆறேகால் மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. டயர் 185/55 ஆர்16, உயரம் 609.9. பழையதைவிட ஒன்றரை மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை.

டயரில் ஒன்றைக் கவனித்தேன். பழைய டயரின் சுமை எண் 84, அதாவது ஒரு டயர் 500 கிலோ. புதியது 83, 487 கிலோ. குறைகிறதே என்று வண்டியின் தகட்டைப் பார்த்தேன். பின் அச்சின் அதிகபட்சச் சுமை 840 கிலோ, பாதி 420. பரவாயில்லை. இதே கேள்வியை வீலிடமும் கேட்க வேண்டும். பின்பக்கம் ஆரங்களில் எங்காவது இத்தனை கிலோ என்று வார்த்திருக்கும். அது அச்சுச் சுமையின் பாதிக்குக் கீழே இருந்தால் எத்தனை அழகானாலும் வாங்கக் கூடாது. எண்ணே இல்லையென்றாலும் வாங்கக் கூடாது. ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை ஜப்பானிய அலாய் வீல் தரத்தைக் குறிக்கும். அதை வீல் செய்பவரே போட்டுக்கொள்கிறார். கூடவே வி.ஐ.ஏ. முத்திரையும் இருந்தால் வெளியார் ஒருவர் சோதித்துப் பதிவு செய்திருக்கிறார் என்று அர்த்தம். போலி வீல்களில் முத்திரையையும் சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள் என்பதால், யார் செய்தது என்று பெயர் தெரியாத வீலில் முத்திரையை மட்டும் நம்பி இறங்க மாட்டேன்.

கணக்கு முடிந்தாலும் கணக்கில் வராத ஒன்று உண்டு: ஆரங்களின் வளைவு. ஒரே அகலம், ஒரே ஈ.டி. உள்ள இரண்டு வீல்களில் ஒன்று பிரேக் காலிப்பரை (பிரேக் தட்டைக் கவ்வும் பகுதி) இடிக்காமல் தாண்டிப் போகும், இன்னொன்று இடிக்கும். அதனால் டயர் ஏற்றுவதற்கு முன்பே வெறும் வீல் ஒன்றை மாட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். டயர் ஏற்றிவிட்டால் யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். மகளின் விளையாட்டுக் களிமண்ணில் இரண்டு உருண்டை கிள்ளிக் கொண்டுபோய், காலிப்பரின் மேலும் முகத்திலும் ஒட்டி, வீலை மாட்டி நட்டை இறுக்கிக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றினேன். கழற்றிப் பார்த்தால் களிமண் ஒரு இடத்தில் 5 மி.மீ.க்கு நசுங்கியிருந்தது, அவ்வளவு சந்து இருக்கிறது. 3 மி.மீ.க்குக் கீழே போனால் நான் யோசிப்பேன். பேலன்ஸிங் ஈயத்தை உள்பக்கம் ஒட்டினால் அதற்கும் இடம் வேண்டுமே. கடைப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பிறகு டயர் ஏற்றி, ஐந்து பேரை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு சக்கரத்தை நடைமேடைத் திட்டில் ஏற்றி மெதுவாக ஓட்டினேன். எங்கும் சத்தம் இல்லை. இந்த வீலின் நடு ஓட்டை 67.1, அதற்கான ரிங்கையும் கூம்பு நட்டையும் வீலோடேயே வாங்கிவிட்டேன். உங்கள் வண்டியில் டயர் காற்றழுத்த சென்சார் இருந்தால் அதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். அவை 315, 433 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வரும், மாறிப்போனால் எச்சரிக்கை விளக்கு அணையவே அணையாது. வீலை மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிப் போட்டேன்.

மாட்டும்போது ஏர் கன் வேண்டாம் என்றேன். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்து, ஜாக்கியில் வண்டி தூக்கி இருக்கும்போதே நாலு நட்டையும் கையால் ஓட்டி, எதிரெதிராக இறுக்கி, தரையில் இறக்கிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 108 நியூட்டன் மீட்டர். இது என் வண்டியின் கையேட்டில் உள்ள எண், உங்களுடையது வேறாக இருக்கலாம். எழுபது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு நட்டு நூலளவு நகர்ந்தது, மற்றவை அசையவில்லை.

முதலில் வாங்கிய அலாய் செட்டைக் கேட்டு ஒருவர் வந்தார். காசைப் பேசுவதற்கு முன்னால் அவருடைய வண்டியின் நாலு அளவையும் வாங்கிக் கணக்குப் போட்டேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் வண்டிக்குக் கம்பெனியே 6.5ஜே, ஈ.டி. 40 கொடுத்திருந்தது, ஹப் 60.1. வெளியே எட்டு மில்லிமீட்டர் சொச்சம்தான் நீளும். 73.1-க்கு 60.1 ரிங் வாங்கச் சொல்லித் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

உருண்டை நட்டுகளை மட்டும் கொடுக்கவில்லை. என் ஸ்டெப்னி இன்னும் பழைய ஸ்டீல் வீல்தான், 175/65 ஆர்15. உயரம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அவசரத்துக்கு ஓடும். ஆனால் அலாயின் கூம்பு நட்டு அதற்கு ஆகாது. உருண்டை நட்டுகளில் நாலைத் துணிப்பையில் போட்டு ஸ்டெப்னியின் நடுவில் கட்டி வைத்தேன். மூன்று மாதம் கழித்து, நல்ல மழையில், இரவு பதினொரு மணிக்கு முன் இடது டயர் பஞ்சர். கைப்பேசி விளக்கை மனைவி பிடிக்க, நான் ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, கழற்றி வைத்த கூம்பு நட்டை எடுத்து முதல் போல்டில் ஏற்றப்போனேன். "அது இல்லைங்க, பையில இருக்கிறது" என்றாள்.